அர்ச்சுனன் கழுத்தை மாது பிடித்த கேஸ்

பீடி குடிப்பவனுக்கு வியாதி வராது. மருத்துவ உலகம் இத்தனை காலமாகத் தவறவிட்ட இந்த உண்மையை, தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அர்ச்சுனன் வெளியிட்டான். வயது ஐம்பத்திரண்டு. மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ஆகவே ஆராய்ச்சிக்கான தகுதி அவனுக்கு இருந்தது.

"எங்க வூட்டு அடுப்புக்கு மேல விதைச்சோளம் கட்டித் தொங்குது. வருசம் பூரா தொங்கினாலும் ஒரு வண்டு ஏறாது. ஏன்?" என்று கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான். "பொக. அதே சோளத்த மூட்டையில கட்டி வெச்சா மூணு மாசத்துல மாவா கொட்டுது. ஏன்? பொக இல்ல. தொண்டையும் அதே கணக்குதான். உள்ள பொக போயிகிட்டே இருந்தா எந்தக் கிருமி வந்து குடியேறும்? இருமிகிட்டே ஓடிப் போயிரும்."

அவனுடைய சித்தப்பன் மகன் தீர்த்தகிரி தலையை ஆட்டினான். தீர்த்தகிரியும் பீடிக்காரன். தன் பழக்கத்துக்கு இவ்வளவு பெரிய காரணம் இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாது, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினான். டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு புகை வராத பக்கமாகப் போய் வெயிலில் நின்றான்.

"பாரு, பாரு. மூக்கப் பொத்திகிட்டுப் போற அழகப் பாரு. பொண்ணு பாக்க வந்திருக்கறாங்களா மாது?" என்றான் அர்ச்சுனன். கடை சிரித்தது. "இவனுக்கு ஏன் தொண்டையில புத்து வந்துச்சு தெரியுமா? பீடிய வுட்டான். வுட்ட அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில படுத்தான்."

நடந்தது தலைகீழ். மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வாசலிலேயே பீடிக்கட்டைக் குப்பையில் போட்டவன் மாது. போட்டதை நாலு பேர் பார்த்தார்கள், படுத்ததை ஊரே பார்த்தது. ஊர் பார்த்ததைத்தான் அர்ச்சுனன் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

மாதுவும் அர்ச்சுனனும் பங்காளிகள். இரண்டு பேருடைய நிலத்துக்கும் நடு வரப்பில் ஒரு புளியமரம் நிற்கிறது. அடிமரம் மாது பக்கம், கிளையில் முக்கால்வாசி அர்ச்சுனன் பக்கம். புளி யாருக்கு என்ற கேள்விக்கு இருபத்தோரு வருடமாக ஒவ்வொரு மாசி மாதமும் பதில் தேடப்படுகிறது. இந்தத் தேடலில் இதுவரை மாது பக்கம் இரண்டு பல், ஒரு காறை எலும்பு. அர்ச்சுனன் பக்கம் இடது காதின் கீழ்ப்பகுதி, வலது கையில் சுண்டுவிரல் மடங்காது. ஊரில் யாரும் விலக்கிவிடப் போவதில்லை. வருகிற மாப்பிள்ளைகளுக்கு மட்டும், எங்கே நின்றால் கல் படாமல் பார்க்கலாம் என்று இடம் காட்டுவார்கள்.

இந்த வருடம் மாசி பன்னிரண்டாம் தேதி பதில் தேடினார்கள்.

மாது ஆள் வைத்துக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தான். அர்ச்சுனன் வந்தான். புளி தட்டுகிற மூங்கில் கழியைப் பிடுங்கி மாதுவின் தோளில் ஒன்று வைத்தான். கழி இரண்டாகப் பிளந்தது. உலுக்க வந்த ஆட்கள் மரத்திலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். மாது திரும்பி, பிளந்த கழியின் மறுமுனையைப் பிடித்து இழுத்து, முட்டியால் அடிவயிற்றில் ஒரு குத்து விட்டான். அர்ச்சுனன் புளிக்குவியலின் மேல் மல்லாந்து விழுந்தான். விழுந்த இடத்தில் கைக்கு ஒரு கல் கிடைத்தது. அது மாதுவின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, மாது குருட்டடியாக அவன் மேல் பாய்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். தலைமுடியைப் பிடித்து மூன்று தடவை தரையில் மோதினான். மோதியது போதவில்லை என்று பட்டதால் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான்.

இறுக்கினான். அர்ச்சுனனின் கண் வெளியே வந்தது, நாக்கு வெளியே வந்தது. கால் மண்ணை உதைத்தது. அப்போது மாதுவின் வலது கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது. தளர்ந்தது. திரும்பவும் அழுத்தியது, ஆனால் வேறு விதமாக. பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று அமுக்கிப் பார்க்கிறவன் மாதிரி.

"இரு, இரு. அசையாத," என்றான் மாது. "எத்தன நாளா இருக்குதுடா இது?"

"ஏ… து?"

"இந்தக் கட்டி. தாடைக்குக் கீழ. எத்தன நாளா?"

சண்டையில் எதிராளிக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்று அர்ச்சுனன் காட்டினான். கிடைத்த இடைவெளியில் தலையைத் தூக்கி நெற்றியால் மாதுவின் மூக்கில் முட்டினான். மூக்குத்தண்டு நொறுங்குகிற சத்தம் மரத்தில் இருந்தவர்களுக்கே கேட்டது.

அடிதடி முடிந்த பிறகு செய்ய வேண்டியது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்குப் போகக் கூடாது. முகம் கழுவக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும். யார் முதலில் படுக்கிறார்களோ அவர்கள் கொடுப்பது புகார், அடுத்து வருகிறவர்கள் கொடுப்பது எதிர்ப்புகார். எத்தனை நாள் படுக்கிறோமோ அத்தனைக்குக் கேஸ் கனம். ஆகவே தீர்த்தகிரி ஓட்டிய மொபெட்டில் அர்ச்சுனனும், ஷேர் ஆட்டோவில் மாதுவும் ரத்தம் காய்வதற்குள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போனார்கள். மொபெட் ஜெயித்தது. ஆண்கள் வார்டில் காலியாக இருந்தது இரண்டே கட்டில், அதுவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

காயத்தைப் பதிவு செய்ய வந்த டூட்டி டாக்டர் இளம்பெண். அர்ச்சுனன் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"பின்மண்டையில வீக்கம். சரி. முதுகுல சிராய்ப்பு. சரி. கழுத்துல?"

"கொல்லப் பாத்தானுங்கம்மா. அஞ்சு வெரலும் பதிஞ்சு, அப்பிடியே கட்டியா நிக்குது பாருங்க. கொலை முயற்சின்னு எழுதுங்க."

டாக்டர் தொட்டுப் பார்த்தாள். பேனாவை மூடினாள். "வாயத் தெறங்க," என்று டார்ச் அடித்தாள். வெகு நேரம் அடித்தாள்.

"இது இன்னைக்குப் புடிச்சதுல வந்தது இல்லீங்க. நாலஞ்சு மாசமாவது இருக்கும். முழுங்கும்போது வலிக்குதா?"

"அவன் புடிச்சதுலதான் வலிக்குது."

"காதுல குத்தல் இருக்கா?"

"அந்தக் காத இவன்தான் கடிச்சான். ஏழு வருசத்துக்கு முன்னாடி."

பக்கத்துக் கட்டிலிலிருந்து மூக்கில் பஞ்சடைத்த குரல் கேட்டது. "டாக்டரம்மா, எனக்கும் அதே எடத்துலதாங்க இருந்துச்சு. நானு தொட்டதுமே சொன்னேன். மூக்க ஒடச்சிட்டான்."

"நீ வாய மூடு!" என்று அர்ச்சுனன் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியோடு எழுந்தான். நர்ஸ் பிடித்து உட்கார வைத்தாள்.

சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பதினைந்து நாளில் முடிவு வந்தது. தொண்டைப் புற்று. அர்ச்சுனன் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

"இதையும் சேத்துக்குங்க சார். அவன் கழுத்தப் புடிச்சதுல கேன்சர் வந்திருக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் படித்தார். இவனுடைய சட்டைப்பையில் தெரிந்த பீடிக்கட்டைப் பார்த்தார். "இதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லய்யா. அப்பிடி இருந்தாலும் மொத எதிரி உன் பாக்கெட்டுல இருக்குது. போய் வைத்தியத்தப் பாரு."

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கு இடம் கிடைத்தது. ஏழு வாரம் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஒரு தடவை ஊசி மருந்து. மஞ்சவாடி கணவாய் வழியாகப் பஸ்ஸில் போய் வர வேண்டும். கூட மனைவி நிர்மலா வந்தாள்.

டாக்டர் ஜெயபிரியா முதல் நாளே கேட்டாள். "பீடி எத்தன?"

"ரெண்டு கட்டு."

"இன்னையோட விட்டுருங்க. ரேடியேஷன் பாதி வேலைதாங்க செய்யும். மீதி வேலைய உங்க ஒடம்பே செய்யணும். ரத்தத்துல காவல்காரங்க மாதிரி அணுக்கள் இருக்கு. அடிபட்ட புத்துக்குள்ள பூந்து அதை முடிக்கறது அதுங்கதான். பீடி குடிச்சா அதுங்க மந்தமாயிடும். கட்டிய சுத்தி நிக்கும், உள்ள போகாது. ஒரே மருந்து, ஒரே மிஷின்தான். ஆனா குடிக்கறவங்களுக்குப் பலன் கம்மி, திரும்ப வர வாய்ப்பும் அதிகம்."

அர்ச்சுனன் பொறுமையாகக் கேட்டான். பிறகு விதைச்சோளத்தைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னான்.

டாக்டரும் பொறுமையாகக் கேட்டாள். "அண்ணா, உங்க வூட்டுல கோழி இருக்குதா?"

"எட்டு இருக்குதுங்க."

"அதுல ஒண்ண அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விடுங்க. வண்டு ஏறாது. நாளைக்குக் கோழி எப்பிடி இருக்குதுன்னு வந்து சொல்லுங்க."

நிர்மலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் தன் புருஷன் ஒரு வாக்குவாதத்தில் வாயடைத்து நின்றதை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "பொம்பள டாக்டரு. கோழியப் பத்திதான் தெரியும்."

மெஷினுக்கு முன் அவன் முகத்துக்கு ஒரு வலை செய்தார்கள். சூடான பிளாஸ்டிக்கை முகத்தில் இழுத்து, ஆறவிட்டு, முகமூடி மாதிரி ஆனதும் அதை மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்கள். தலை அசையாது, தாடை அசையாது. இருபத்தோரு வருடமாக மாதுவால் ஒரு நிமிடத்துக்கு மேல் அமுக்கிவைக்க முடியாத தலையை, சுடிதார் போட்ட ஒரு பெண் நாலு கிளிப்பில் அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். உள்ளே அவன் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கக் கழுத்து மறுத்தது. மெஷின் உறுமிக்கொண்டு தலையைச் சுற்றியது. அடிக்கிறவன் கண்ணுக்குத் தெரியவில்லை, திருப்பி அடிக்கக் கையும் இல்லை. அர்ச்சுனனின் அனுபவத்தில் இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை.

வெளியே வந்ததும் முகத்தில் வலை பதிந்த கோடுகளோடு ஆஸ்பத்திரி மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒரு பீடி பற்ற வைத்தான். மறுநாளும் பற்ற வைத்தான். நிர்மலா கேட்டால், பாத்ரூம் போனேன் என்றான். பாத்ரூமிலிருந்து வருகிறவன் மேல் அந்த வாசனை வராது என்று அவளுக்குத் தெரியும். அவள் அழுதாள், கெஞ்சினாள், ஒரு நாள் பீடிக்கட்டையே ஒளித்து வைத்தாள். கடைசியில் ஊரில் அவன் மேல் கை வைக்கத் துணிந்த ஒரே ஆளிடம் போனாள்.

"மாமா, உங்களுக்கும் எங்களுக்கும் ஆயிரம் இருக்கும்," என்று மாதுவின் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நின்னு குடிக்கறாருங்க."

மாது தன் பரிசோதனைக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனான்.

துண்டால் மூக்கைப் பொத்தியபடி வந்து நின்றவனைப் பார்த்து அர்ச்சுனன் புகையை ஊதினான். "வாடா புதுப்பொண்ணு."

மாதுவின் முதல் அறையில் பீடி பறந்தது. இரண்டாவது அறையில் அர்ச்சுனன் சுவரில் மோதினான். திருப்பி அடிக்கக் கையை ஓங்கினான். காலையில் ஊசி மருந்து ஏறிய கை அது, பாதியிலேயே இறங்கிவிட்டது. மாது அவனுடைய சட்டைப்பையைக் கிழித்துப் பீடிக்கட்டை எடுத்தான். கீழே போட்டுச் செருப்புக்காலால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இடது கையால் இவன் வாயில் இன்னொன்று விட்டான். உதடு கிழிந்தது.

"ஏண்டா அடிக்கற? உனுக்கு என்னாடா?"

"என்னாவா?" மாதுவின் குரல் எப்போதும் சல்லடையில் சலித்த மாதிரி கரகரவென்றிருக்கும். "நீ செத்துட்டா உன் நெலம் யாருக்குப் போவும்? ஓசூர் கம்பெனியில இருக்கறானே உன் மவன் அறிவழகன், அவனுக்கு. அவன் என்னா பண்ணுவான்? பிளாட்டுப் போட்டு விப்பான். வாங்கறவன் மொத வேலையா என்னா பண்ணுவான்? மரத்த வெட்டுவான். இருவத்தோரு வருசம் பல்லு போயி, எலும்பு போயி நான் காப்பாத்தன மரம்டா அது. நீ சாவக்கூடாது. புளி வழக்குத் தீந்து சாவு."

அர்ச்சுனன் மறுபடி போலீசுக்குப் போனான். அதே சப்-இன்ஸ்பெக்டர். "எதுக்கு அடிச்சான்?"

"பீடி குடிச்சதுக்குங்க."

சப்-இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். "அடுத்த வியாழக்கெழமையும் அவன் வருவானா?" என்று கேட்டார். வந்தால் நல்லது என்கிற மாதிரி இருந்தது அவர் கேட்டது.

மாது வியாழக்கிழமை என்று காத்திருக்கவில்லை. டீக்கடையில் பார்த்தால் அடித்தான், ரேஷன் கடை வரிசையில் அடித்தான். பொம்மிடி சந்தையில் தக்காளிக்கூடைக்கு நடுவில் வைத்து அடித்தான், தக்காளிக்காரி இரண்டு பேரையும் அடித்தாள். அர்ச்சுனன் குடிப்பதை மரவள்ளிக்காட்டுக்குள் மாற்றிக்கொண்டான்.

நாலாவது வாரம். கழுத்துத்தோல் கருகி உரிந்தது. வாய்க்குள் புண். களி உருண்டை தொண்டையில் கண்ணாடிச்சில்லு மாதிரி இறங்கியது. குரல் முதலில் உடைந்தது, பிறகு காற்றாக மட்டும் வந்தது. ஜெயபிரியா கட்டியை விரலால் அளந்தாள். முதல் நாள் எழுதிவைத்ததைப் பார்த்தாள். மறுபடியும் அளந்தாள்.

"வந்தப்போ எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கு," என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் அர்ச்சுனனுக்கு என்னவோ செய்தது. "இன்னும் மூணு வாரம் பாக்கி. இதுக்குள்ள அசையலன்னா ஆபரேஷன். குரல்பெட்டிய எடுக்க வேண்டி வரலாம். அதுக்கும் கேக்கலன்னா எங்க கையில பெருசா ஒண்ணும் இல்லீங்க."

"மாது மாமாவுக்கு நாலாவது வாரத்துல பாதி கரைஞ்சு போச்சாம்," என்றாள் நிர்மலா, யாரிடமும் சொல்லாத மாதிரி.

பஸ்ஸில் வரும்போது அர்ச்சுனன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தான். ஊரில் இறங்கியதும் நேராகக் காட்டுக்குப் போனான். மனசு சரியில்லாதபோது மனுஷன் செய்வதைச் செய்தான். மரவள்ளிச் செடிக்கு நடுவில் குந்தி, ஒன்றைப் பற்ற வைத்தான். முதல் இழுப்பு புண்ணில் தீயாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது இழுப்பும் இழுத்தான்.

செடி விலகியது. மாது நின்றான்.

இந்தத் தடவை அறை இல்லை. எட்டி உதைத்தான். நெஞ்சில் விழுந்த உதையில் அர்ச்சுனன் செடிகளை ஒடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். எழுந்து, கையில் கிடைத்த மரவள்ளித்தண்டை வீசினான். அது மாதுவின் காதோரம் பட்டுத் தெறித்தது. மாது அவன் காலைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டி போட்டு, கையைப் பின்னுக்கு முறுக்கினான். தோள்மூட்டு கிறீச்சிட்டது. வாயில் மண். உரிந்த கழுத்துத்தோல் புழுதியில் உராய, வலியில் அர்ச்சுனனுக்கு உலகம் வெள்ளையாகப் போனது.

அவன் தலையைத் திருப்பினான். வரப்பின் அந்தப் பக்கம் இருபது அடி தூரத்தில், வேலமர நிழலில் தீர்த்தகிரியும் அவன் தம்பிமார் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நாலு பேரும் அர்ச்சுனன் பக்கத்து ஆட்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலு பேரும் பாய்ந்து வருவார்கள். இருபத்தோரு வருடமாக அர்ச்சுனன் ஜெயித்ததெல்லாம் கையால் அல்ல, அந்தக் குரலால்தான்.

கூப்பிட்டான். "தீ…"

காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். அதுவும் காற்று. செடி மறைப்பில் நடப்பது தெரியாமல் நாலு பேரும் அங்கேயே நின்றார்கள். நாலு பேர் கையிலும் பீடி. ஒருவன் போனில் எதையோ காட்ட, மற்றவர்கள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். புகை நாலு தலைக்கு மேலும் சேர்ந்து ஒரே மேகமாக நின்றது. காவல்காரர்கள் மாதிரி சுற்றி நிற்கிறார்கள். உள்ளே வரவில்லை.

அர்ச்சுனனின் உடம்பு தளர்ந்தது. மாது முறுக்கிய கை அப்படியே தொளதொளவென்று ஆனது.

மாதுவுக்குச் சந்தேகம் வந்தது. முட்டியை எடுத்தான். "டேய். டேய் அர்ச்சுனா. மூச்சு இருக்குதா?"

அர்ச்சுனன் புரண்டு உட்கார்ந்தான். வாயிலிருந்து மண்ணையும் ரத்தத்தையும் துப்பினான். வேலமர நிழலை வெகு நேரம் பார்த்தான்.

"அந்த டாக்டரு," என்றான் காற்றுக்குரலில். மாது காதைக் கிட்டக் கொண்டுவந்தால்தான் கேட்டது. "கோழியப் பத்திச் சொல்லாம இவனுங்களப் பத்திச் சொல்லியிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும்."

"எவனுங்களப் பத்தி?"

அர்ச்சுனன் மடியில் இருந்த பீடிக்கட்டை எடுத்து மாதுவிடம் கொடுத்தான். மாது அதை வாங்கிப் பார்த்தான். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பட்டதால், பழக்க தோஷத்தில் இன்னும் ஒரு அறை விட்டுவிட்டுப் போனான்.

பீடியை விட்டவனுக்கு மறுநாளே உடம்பு தேறிவிடும் என்று நினைக்கக் கூடாது. மீதி மூன்று வாரமும் அர்ச்சுனன் வாழ்நாளில் வாங்கிய மொத்த அடியையும் விட மோசமாக இருந்தது. பீடி கேட்டு உடம்பு நடுங்கியது. நிர்மலாவின் மேல் சொம்பை வீசினான். அவள் அதே சொம்பைத் திருப்பி வீசினாள், நெற்றியில் பட்டது. கழுத்து முழுக்கப் பச்சை ரணமாக ஆனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, களியைக் கஞ்சியாகக் கரைத்து ஊற்றினார்கள். எழுபது கிலோ ஐம்பத்தொன்று ஆனது. நாளொன்றுக்கு ஒரு தடவை மேஜையில் பூட்டினார்கள், அவன் பூட்டக் கொடுத்தான். எச்சில் ஊறியது. மெஷின் உறுமியது. உள்ளே போங்கடா, உள்ளே போங்கடா என்று வலைக்குள் உதடு மட்டும் அசைந்தது. சுடிதார் போட்ட பெண் அதைச் சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் ஜெயபிரியா கழுத்தைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். "கொஞ்சம் எளகுது," என்றாள். நிர்மலா வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

மூன்று மாதம் கழித்து, ஆவணியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஜெயபிரியா படத்தை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாள்.

"இப்போதைக்குக் கட்டி எதுவும் தெரியல. இது முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வருசம் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க. மறுபடியும் தொட்டீங்கன்னா நானே அடிப்பேன்."

"அதுக்கு ஊருல ஆள் இருக்குதுங்கம்மா," என்றான் அர்ச்சுனன். குரல் திரும்பியிருந்தது, கரகரவென்று. யார் குரல் மாதிரி இருக்கிறது என்று நிர்மலாவுக்குத் தெரிந்தது.

சேலம் பஸ்ஸிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கினார்கள். நிர்மலா மருந்துக்கடைக்குப் போனாள். அர்ச்சுனன் நாலு மாதத்துக்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். ஆற வைத்த டீயைச் சின்னச் சின்ன வாயாக விழுங்கினான். கடையில் எல்லோரும் விசாரித்தார்கள். மாது புருவத்துத் தழும்போடு கடைக்கு வெளியே வெயிலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான், இவன் பக்கம் திரும்பவில்லை.

தீர்த்தகிரி வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அண்ணன் ஜெயிச்சிட்டு வந்திருக்கறாரு!" என்று கடைக்கே அறிவித்தான். "நாலு டாக்டரு சேந்தும் அண்ணன ஒண்ணும் பண்ண முடியல. ஏன்? வைரம் பாஞ்ச ஒடம்பு. அண்ணே, அந்தக் கதைய நீயே சொல்லு, நம்ம பசங்க கேக்கட்டும்." சொல்லிக்கொண்டே ஒரு பீடியை எடுத்து உதட்டில் வைத்து, தீக்குச்சியை உரசினான். முதல் புகை அர்ச்சுனன் முகத்தின் மேல் மெதுவாகப் படர்ந்தது.

கடை காத்திருந்தது. அர்ச்சுனன் தோளில் கிடந்த துண்டை இழுத்து மூக்கைப் பொத்தினான். டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வெயிலுக்குப் போனான்.